பத்து மணிக் கோளாறு

பகலெல்லாம் என் வேலை
திபிலிசி மெட்ரோவின் அடிவயிற்றில்
கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து
எஸ்கலேட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பது.
யாராவது விழுந்தால் சிவப்புப் பொத்தான்.
பதினோரு வருடத்தில் நான்கு முறை அழுத்தினேன்.
நான்கு முறையும் அது நின்றது.

வீட்டு டிவி அப்படியில்லை.

தள்ளுபடியில் வாங்கியது.
தவணை இன்னும் ஏழு மாதம் பாக்கி.
முதல் வாரமே வைஃபையை மறந்தது.
கடவுச்சொல்லை அம்புக்குறியால் ஒவ்வோர் எழுத்தாய்ப் பொறுக்கி
கோழிக்குத் தானியம்போல் போட்டேன்.
தின்றுவிட்டு மறுபடி மறந்தது.
அலமாரிக்குப் பின்னால் கிடந்த ரூட்டரை
வெளியே எடுத்து வைத்ததும்
நினைவு திரும்பியது.

பிறகு அப்டேட்.
தொண்ணூற்றொன்பது சதவீதத்தில் ஓர் இரவு முழுக்க நின்றது.
அந்த ஒரு சதவீதத்துக்குள் என்னதான் இருக்குமோ.
பிளக்கைப் பிடுங்கி, அறுபது எண்ணிச் செருகினேன்.
சரியாகிவிட்டது.
(முன்னாள் கணவரிடமும் இதைச் செய்து பார்த்தேன்.
எண்ணி முடிப்பதற்குள் பத்தூமிக்குப் போய்விட்டார்.)

உதடு முன்னால், குரல் பின்னால்:
அந்த ஒரு கோளாறு மட்டும் தீரவேயில்லை.
செய்தி வாசிக்கும் பெண் வாயை மூடியபின்தான்
அமைச்சர் ராஜினாமா செய்வார்.
'ஒலித் தாமதம்' என்று ஒரு கோடு இருந்தது.
வலப்பக்கம் இழுத்தால்
அவள் வாய் திறக்குமுன்பே ராஜினாமா.
இழுத்த கோட்டை இருந்த இடத்திலேயே விட்டேன்.

இதையெல்லாம் பொறுக்கலாம்.
பொறுக்க முடியாதது இரவு பத்து மணி.
ரிமோட் சோபாவில் மல்லாந்து கிடக்கும்,
தொட ஆளில்லை.
சத்தம் மட்டும் ஏறும்.
பதினெட்டு. இருபத்திரண்டு. முப்பத்தைந்து.
நான் குறைப்பேன், அது கூட்டும்.
சில இரவு, கேக் பொங்கி வரும் நேரம் பார்த்து
ரக்பிக்குத் தாவும்.

தொழிற்சாலையில் பிறந்த நாளுக்கே
அதைத் திருப்பி அனுப்பினேன்.
பிறந்து வந்து மொழி கேட்டது, நாடு கேட்டது,
கடவுச்சொல் கேட்டது, கொடுத்தேன்.
பத்து மணிக்கு, முப்பத்தைந்து.

பக்கத்துக் கூண்டு சியாலா சொன்னாள்:
"ரிமோட்டை போன் கேமராவுக்குக் காட்டு.
கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் அதில் தெரியும்."

விளக்கை அணைத்தேன். அழுத்தினேன்.
போன் திரையில் ஊதாவாய் ஒரு பொட்டு.
ரிமோட்டுக்கு ஒன்றுமில்லை, நலம்.
போனை இறக்கப் போகையில்
இன்னொரு பொட்டு.
முற்றம் தாண்டி, எதிர் பால்கனிக்குப் பின்னால்,
ஜன்னலில்.
அங்கே மின்னியது, இங்கே பத்தொன்பது.
மின்னியது, இருபது.

ஆர்ச்சில்.
சுரங்கம் துளைக்கும் வேலைக்கு வலது காதைக் கொடுத்தவர்.
அதே கடை, அதே தள்ளுபடி, அதே டிவி.
கறுப்பு டேப்போடு கதவைத் தட்டினேன்.

"நீங்கள்தானா!" என்றார்.
"ஆட்டத்தின் கடைசி நிமிடம்,
பந்து காற்றில் இருக்கிறது,
யாரோ முட்டை அடிக்கிறார்கள்!"
மெக்கானிக் இரண்டு முறை வந்தானாம்.
முறைக்கு முப்பது லாரி.
ஒரு தடவை உள்ளே போர்டையே மாற்றினானாம்.

அவருடைய கையேட்டை இருவரும் புரட்டினோம்.
படம் இல்லை, ஒலி இல்லை, திரையில் கோடுகள்,
எல்லாவற்றுக்கும் எண் போட்டுத் தீர்வு.
எதிர்வீட்டுக்காரர் என்று எந்த வரியிலும் இல்லை.

டிவியை ஒரு சாண் திருப்பி வைத்து
சின்னக் கறுப்புக் கண்ணில்
ஜன்னல் பக்கத்துப் பாதியை மூடினேன்.
என் வீட்டிலும் அப்படியே.

அன்றிரவு பத்து மணி.
பதினெட்டு பதினெட்டாகவே இருந்தது.
பத்தே கால் வரை காத்திருந்துவிட்டு
ஜன்னலுக்குப் போனேன்.
அவரும் நின்றிருந்தார்.
கை அசைத்தேன்.
கண்ணாடிக்குப் பின்னால் அவர் உதடு அசைந்தது.
கொக்கியோடு கொஞ்சம் மல்லுக்கட்டினார்.
ஜன்னல் திறந்தது, பிறகு குரல் வந்தது:
"கேட்கிறதா?"